18 லட்சத்தைத் தாண்டும் எஸ்டிமேட், கையில் 2,30,000: டோம்பிவிலி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 28. டோம்பிவிலியில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். பவாயில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, கைக்கு 48,000 வருகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் முலுண்டில் இருக்கிறார், அவருக்கு 62,000. ரெண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ரெண்டு வீட்டிலும் சம்மதம், அவர்கள் தரப்பில் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வைகாசியில், அதாவது இன்னும் 11 மாதத்தில், மும்பையிலேயே கல்யாணம். செலவை நாங்கள் இருவருமே போட்டுக்கொள்வதாக முடிவு. இப்போது கையில் சேர்ந்திருப்பது 2,30,000, இனி மாதம் 42,000 சேர்க்க முடியும். ஆனால் எஸ்டிமேட் 18 லட்சத்தைத் தாண்டுகிறது, தாளை இணைத்திருக்கிறேன். அப்பா டெய்லர், வயது 61. அவரிடம் இருப்பது 4 லட்ச ரூபாய் எஃப்.டி. ஒன்றுதான். அதை உடைக்கிறேன், மீதிக்கு உன் பேரில் பர்சனல் லோன் போடு, மொய்யில் அடைத்துவிடலாம் என்கிறார். நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டில் சேரலாமா என்றும் ஒரு யோசனை. கல்யாணத்துக்கு அப்புறம் தனிக்குடித்தனம் போகப் போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் எஸ்டிமேட் தாளை வரி வரியாகப் படித்தேன். அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பவர் போட்ட தாள் என்று பார்த்தவுடனே தெரிகிறது, வெற்றிலை பாக்குக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. ஆனால் பெரிய செலவு ஒன்று அதில் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் நீங்கள் குடிபோகப் போகிற வீடு. முலுண்டிலோ தானேயிலோ ஒரு சின்ன ஒன் பிஹெச்கே, வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட் ஒரு லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, ஆக 1,50,000 இல்லாமல் சாவி கைக்கு வராது. லீவ் அண்டு லைசென்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிற செலவு தனி. (மகாராஷ்டிராவில் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னாலும் விடாதீர்கள்.) கட்டில், கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டு அப்பா சொல்கிற வழியைப் பார்ப்போம். 11 மாதத்தில் நீங்கள் சேர்ப்பது 4,62,000, கையில் உள்ளதோடு 6,92,000. எஸ்டிமேட் 18,07,100. இடைவெளி 11 லட்சத்துக்கு மேல். அப்பாவின் 4 லட்சம் போக 7 லட்சம் லோன் எடுக்க வேண்டும். 14 சதவீத வட்டியில் 5 வருடம் என்றால் மாதத் தவணை 16,290 ரூபாய் அளவில் வரும், வட்டியாக மட்டும் 2,77,000 போகும். இப்போது நீங்கள் மாதாமாதம் மிச்சம் பிடிக்கிற 42,000-ல் வீட்டு வாடகை 25,000 போனால் மீதி 17,000. அதில் லோன் தவணை போனால் நிற்பது 710 ரூபாய். அரிசி பருப்பு, கரண்ட் பில், கேஸ் எல்லாம் அந்த 710 ரூபாயில் நடக்க வேண்டும். 61 வயதில், மிஷினை மிதித்துச் சேர்த்த 4 லட்சமும் இல்லாமல் உங்கள் அப்பா இருப்பார். அதனால் லோன் வேண்டாம், எஃப்.டி.யைத் தொடவும் வேண்டாம். இந்த இரண்டிலும் எனக்கு மறுயோசனை கிடையாது. பி.எஃப். பணத்திலும் கல்யாணத்துக்கென்று எடுக்க வழி உண்டு, அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து தேதி. வைகாசியை ஆவணிக்குத் தள்ள முடியுமா என்று இரண்டு வீட்டாரிடமும் கேளுங்கள். ஆடியில் யாரும் செய்யமாட்டார்கள், ஆவணி நம்மவர்களுக்கு நல்ல கல்யாண மாதம். மூன்று மாதம் தள்ளினால் இன்னும் 1,26,000 சேரும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம் மும்பையில் இருப்பதால் கிடைக்கிற ஒன்று. ஆஷாட ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை மராத்தி, குஜராத்தி வீடுகளில் சாதுர்மாசம், அந்த நான்கு மாதமும் அவர்கள் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. நம் ஆவணி அதற்குள் விழுகிறது. மே மாதத்தில் நீங்கள் கேட்கிற அதே ஹாலை ஐந்து குடும்பங்கள் கேட்கும், ஆவணியில் ஹால் காலியாகக் கிடக்கும், மேனேஜர் உட்கார்ந்து பேசுவார். வாடகையில் மட்டுமில்லை, டெகரேஷன்காரர், போட்டோகிராபர் என்று எல்லோரிடமும் பேரம் பேச இடம் இருக்கிற மாதம் அது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். மழை இருக்கும். சயான், குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் சென்ட்ரல் லைனே நின்றுபோகும், அதனால் நெருங்கிய சொந்தம் முதல் நாளே வந்துவிட வேண்டும். ஹால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது. பிள்ளையார் சதுர்த்தியும் பெரும்பாலும் இதே மாதத்தில்தான் வரும், அந்தப் பத்து நாளில் தாதரில் பூ விலை எங்கேயோ போய் நிற்கும், ரோட்டில் வண்டி நகராது. ஆகவே சதுர்த்திக்கு ஒரு வாரமாவது முன்னதாக முகூர்த்தம் கிடைக்குமா என்று ஜோசியரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கும், ஊரிலிருந்து குடும்பத்தோடு வருவது கஷ்டம். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், அப்பாவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

14 மாதம் என்றால் 5,88,000 சேரும், கையில் உள்ள 2,30,000-ஐயும் கூட்டினால் 8,18,000. வட்டி ஒரு 30,000 தேறும் என்று கொள்ளலாம். வீட்டுக்கு 1,50,000 எடுத்து வைத்தால் கல்யாணத்துக்கு நிற்பது கிட்டத்தட்ட 7 லட்சம். இதுதான் உங்கள் பட்ஜெட்.

18 லட்சம் எப்படி 7 லட்சத்துக்குள் வரும் என்று மலைப்பாக இருக்கும். உங்கள் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ரிசப்ஷன் டின்னர் 400 பேர், இலைக்கு 750 வீதம் 3,00,000. மறுநாள் காலை டிபன் 300 பேருக்கு 180 வீதம் 54,000. முகூர்த்தச் சாப்பாடு 600 பேருக்கு 450 வீதம் 2,70,000. சாப்பாடு மட்டும் 6,24,000. இத்தனை பேர் உட்காரப் பெரிய ஹால், இரண்டு நாளைக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,59,600. இந்த இரண்டையும் கூட்டினாலே மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி ஆகிவிடுகிறது. தாம்பூலப் பை, பத்திரிகை, லாட்ஜ், பஸ் என்று மீதிச் செலவிலும் நிறைய தலைக்கணக்கோடு ஏறி இறங்குகிறவைதான். பூவில் 5,000, பத்திரிகையில் 3,000 என்று கிள்ளிக் கிள்ளிக் குறைப்பதில் மனசுதான் நோகும், கணக்கு நகராது. எத்தனை இலை, எத்தனை வேளை என்ற இரண்டு எண்ணையும் முடிவு செய்யுங்கள், மீதியெல்லாம் அதற்குப் பின்னால் தானே ஒழுங்குக்கு வரும்.

என் யோசனை: முதல் நாள் ரிசப்ஷன் வேண்டாம். ஒரே நாள், காலையில் முகூர்த்தம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஹாலைக் காலி செய்துவிடலாம். வீட்டுக்கு 125 பேர், மொத்தம் 250. காலை டிபன் 120 பேருக்கு. அப்படியானால் சாப்பாடு 1,34,100-ல் முடிகிறது. ஆபீஸ் நண்பர்களுக்காகத்தான் ரிசப்ஷன் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக அமைந்தால் நெருங்கியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கே வருவார்கள், வாழை இலைச் சாப்பாடு என்றால் மும்பைக்காரர்களுக்குத் தனி ஆசை. மற்றவர்களுக்கு ஆபீசில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் போதும். அதற்காக 3 லட்ச ரூபாய் டின்னரும் சாட் கவுண்டரும் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹால் பேசும்போது அதிகம் கவனம் வேண்டும், ஏனென்றால் வாடகை என்று சொல்கிற தொகை ஒன்று, கடைசியில் கட்டுகிற தொகை வேறொன்றாக இருக்கும். வெளி கேட்டரரை அழைத்துவந்தால் ராயல்டி என்று தனிக் கட்டணம் கேட்பார்களா, டெகரேஷன்காரரும் அவர்கள் சொல்கிற ஆள்தானா, கரண்டுக்கு மீட்டர்படி தனியாகவா, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, கிளீனிங் சார்ஜ் எவ்வளவு, பாத்திரம் உள்ளே அடக்கமா, முந்தின நாள் சாயங்காலம் சமையல்காரர் நுழைய அரை நாள் வாடகை போடுவார்களா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும். இத்தனையும் கேட்டு, வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதின் பின்னாலாவது எழுதி வாங்குங்கள். உங்கள் வட்டாரத்திலேயே, அப்புறம் மாட்டுங்கா, செம்பூர் பக்கமும், கோயிலோ சங்கமோ நடத்துகிற கூடங்களை முதலில் பாருங்கள். 250 பேருக்கு அவை தாராளம், நம் சடங்கு எப்படி நடக்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆவணியில் ஒரு நாளைக்கு 90,000, ஜிஎஸ்டியோடு 1,06,200 என்று நான் போட்டிருக்கிறேன், இதைத் தாண்டினால் வேறு ஹால் பாருங்கள்.

கேட்டரரிடம் இலை ரேட்டைக் குறைக்கச் சொல்வதைவிட ஐட்டத்தைக் குறையுங்கள். 22 ஐட்டம் போட்டால் பாதி இலையில் அப்படியே கிடந்து மடிக்கப்படுகிறது. ஒரு ஸ்வீட், ஒரு பாயசம், நல்ல சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், கூட்டு, பொரியல், அப்பளம், ரசம், மோர் என்று இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், ருசி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மினிமம் கேரண்டி, அதாவது ஆள் வராவிட்டாலும் பணம் கட்ட வேண்டிய இலை எண்ணிக்கையை, 250 என்று கொடுத்துவிடாதீர்கள். 220 கொடுத்து, கூடுதலாக வந்தால் அதே ரேட்டில் 30 இலை வரை போட வேண்டும் என்று பேசுங்கள். பத்து நாளைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு போன் செய்து யார் யார் வருகிறார்கள் என்று உறுதி செய்துகொண்டால் எண் பெரும்பாலும் பிசகாது. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வரும், பில் இல்லாமல் முழுவதும் கேஷாகக் கொடுங்கள் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், தகராறு வந்தால் கையில் ஒரு தாள்கூட இருக்காது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கு 2,60,000 போட்டிருக்கிறீர்கள், அதில் பெரும்பகுதி புது ஆரத்துக்கு. அம்மாவிடம் ஆரம் இருக்கிறது என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பாலிஷ் போட்டு அணிந்துகொள்ளுங்கள். புது நகையில் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் கடையை விட்டு இறங்கும்போதே போன பணம், நாளைக்கு அவசரத்துக்கு விற்றால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும். தாலிக்கும் மோதிரத்துக்கும் 1,10,000 வைத்திருக்கிறேன். வாங்கும்போது ஹால்மார்க்கோடு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தருகிற ஆறு இலக்க ஹெச்யுஐடி அடையாளக் குறியீடு பொறித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நகைக்கடையின் 11 மாதச் சேமிப்புத் திட்டத்தில் சேரச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அது பேங்க் டெபாசிட் இல்லை, கடை மூடினால் டெபாசிட் இன்ஷூரன்ஸ் எதுவும் வராது என்பதை மறக்க வேண்டாம்.

சீட்டும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் நடத்துவது பதிவு செய்யாத சீட்டு, எடுத்தவர்களில் இரண்டு பேர் தவணை கட்டாமல் நின்றாலே அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் முகூர்த்தத் தேதியோ காத்திருக்காது. வேண்டாம். ஷேர், ஈக்விட்டி ஃபண்டும் வேண்டாம், 14 மாதத்தில் சந்தை எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பணத்தை எங்கே வைப்பது என்பது சுலபமான விஷயம். கையில் உள்ளதில் 1,30,000-ஐ ஒரு வருட எஃப்.டி.யில் போடுங்கள். ஒரு லட்சம் சேவிங்ஸிலேயே இருக்கட்டும், ஹால் அட்வான்ஸ், போட்டோகிராபர் அட்வான்ஸ் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள் போக வேண்டியவை. சம்பளம் வந்த மறுநாளே நீங்கள் 20,000, அவர் 22,000 ஆர்.டி.க்குப் போகும்படி வைத்துவிடுங்கள். அவரவர் ஆர்.டி. அவரவர் பெயரில், கல்யாணம் முடிகிற வரை ஒருவர் கணக்கில் இன்னொருவர் பணம் போட வேண்டாம். நம்பிக்கைக் குறைவால் இதைச் சொல்லவில்லை, யார் எவ்வளவு போட்டோம் என்ற பேச்சே எழாமல் இருப்பதற்காக. இருவரும் பார்க்கும்படி ஒரே ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸ் வந்தால் அது வீட்டு டெபாசிட்டுக்கு மட்டும். கஞ்சூர்மார்க்கிலிருந்து ஆபீசுக்குத் தினம் தனி ஆட்டோ என்று எழுதியிருக்கிறீர்கள், ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தால் அதிலும் மாதம் கொஞ்சம் நிற்கும், மழைக்காலத்தில் வேண்டுமானால் தனி ஆட்டோவில் போங்கள்.

போட்டோவில் ப்ரீ-வெட்டிங் ஷூட்டை எடுத்துவிட்டு, போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், 60,000 என்று முடிக்கலாம், எடுத்த ஃபைல் முழுவதையும் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேடை அலங்காரம் 45,000. தாதர் பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்னால் போய் மாலையும் உதிரிப்பூவும் நீங்களே வாங்கினால் அதற்குள் அடங்கும், வாழைமரம், மாவிலை, இலைக்கட்டெல்லாம் மாட்டுங்காவில் சொல்லிவைக்கலாம். பத்திரிகை நூறு அச்சடித்தால் போதும், 6,000. அச்சே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பெரியவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும், கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகும்போதும் பத்திரிகை கேட்பார்கள். (கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிவை முடித்துவிடுங்கள்.) தாம்பூலப் பை 10,000, மேளமும் ஐயரும் 35,000, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க 25,000. மேளத்தில் கை வைக்காதீர்கள், ரெக்கார்டட் நாதஸ்வரம் வேண்டவே வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

துணிமணிக்கு 1,60,000 இருக்கிறது. அதற்குள் பிளவுஸ் தையலும் ஆரி ஒர்க்கும் சேர்த்து 28,000. அப்பா டெய்லர் என்று கடிதத்தில் எழுதிவிட்டு, தாளில் எப்படி இந்த வரியைப் போட்டீர்கள்? முப்பது நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவர், மகளின் முகூர்த்த பிளவுஸை வேறொருவர் தைப்பதா? அவர் கையாலேயே வெட்டித் தைக்கட்டும், கழுத்திலும் கையிலும் மட்டும் லேசாக வேலைப்பாடு வெளியே கொடுத்தால் போதும். கூறைப்புடவை ஒன்று நல்லதாக, மற்றவை எளிமையாக, மாப்பிள்ளைக்கு ஒரு பட்டு வேட்டி சட்டை, இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் துணி, எல்லாம் 90,000-ல் முடியும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், 6,21,300 வருகிறது. 7 லட்சத்தில் மிச்சம் 78,700. சாப்பாட்டு ஜிஎஸ்டி, ஹாலில் முளைக்கிற புதுச் செலவு, கடைசி நேரத்தில் கூடுகிற இலை எல்லாம் அதிலிருந்து. அதை முன்கூட்டியே வேறு எதற்கும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி அப்பா. உங்கள் கடிதத்தை மூன்றாவது முறை படிக்கும்போதுதான், நீங்கள் பணத்தைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றியது. உன் பணம் வேண்டாம் என்று மகள் சொன்னால், உனக்கு இங்கே வேலை இல்லை என்றுதான் அந்த வயதில் காதில் விழும். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும், பேச்சுக்கு இல்லாமல் உண்மையாகவே அவர் முடிவெடுக்கிற பொறுப்பாக.

மொய் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். இத்தனை வருடம் தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் ஊரிலும் யார் யார் வீட்டு விசேஷத்துக்குப் போய் எவ்வளவு எழுதினார் என்பது அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். 125 பேர் யார் என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நம்மை அழைத்துப் பல வருடம் ஆனவர்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள் எல்லாம் அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். நீங்கள் ஒரு பெயரை அடித்தால் அவருக்கு அவமானமாக இருக்கும், அதே பெயரை அவரே விடுவதில் வருத்தம் இருக்காது.

மொய்யில் லோனை அடைக்கலாம் என்பதற்கும் அப்போதே பதில் சொல்லிவிடலாம், ஆனால் பக்குவமாக. அப்பா எழுதினதில் ஒரு பங்கு திரும்பி வரும், அது அவருடைய பணம், அதில் சந்தேகமில்லை. புதிதாக எழுதுகிறவர்களுடையதை நாளைக்கு நாம் திரும்ப எழுத வேண்டும், அது வரவு இல்லை, கடன். எது எவ்வளவு வரும் என்று முன்னாலேயே யாராலும் சொல்ல முடியாது, தவணையோ முதல் மாதத்திலிருந்தே ஆரம்பித்துவிடும். ஆகவே பட்ஜெட்டில் மொய்க்கு ஒரு ரூபாய்கூட நான் வைக்கவில்லை. வருவதை அப்படியே அப்பா அம்மா பேரில் போட்டுவைத்து, நாளைக்கு அவர்கள் திரும்பச் செய்ய வேண்டிய விசேஷங்களுக்கு அதிலிருந்து எடுக்கட்டும் என்று சொல்லுங்கள். பெரிய தொகை தருகிறவர்களிடம் மட்டும் உங்கள் இருவரில் ஒருவர் பெயருக்கு செக்காகவோ யுபிஐயிலோ தரச் சொல்வது நல்லது, கல்யாணத்தை ஒட்டி மணமக்களுக்கு வருகிற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது, பெற்றோர் பெயரில் வாங்கினால் அந்தச் சலுகை பொருந்தாது.

அப்புறம் ஊர். 600-ல் பெரிய பகுதி திருநெல்வேலிச் சொந்தம் என்று தெரிகிறது. அவர்களை மழைக்காலத்தில், ஸ்கூல் நாளில், இரண்டு ராத்திரி ரயிலில் வரவழைத்து லாட்ஜ் போட்டுத் தங்கவைப்பதைவிட, கல்யாணம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் நீங்கள் இருவரும் ஊருக்குப் போங்கள். அங்கே வீட்டு வாசலிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு வேளைச் சாப்பாடு, சொதிச் சாப்பாடாகவே இருக்கட்டும். அதை அப்பா பேரில், அப்பா செலவில் வையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர் செலவு செய்ய நான் சம்மதிக்கிறேன், எஃப்.டி.யை உடைக்காமல், இந்த 14 மாதத்தில் அவர் தைத்துச் சேர்க்கிற பணத்துக்குள் எத்தனை இலை போட முடியுமோ அத்தனை. சமையல்காரர் யார், யாருக்குச் சொல்லி அனுப்புவது, யாரை முதல் பந்தியில் உட்காரவைப்பது எல்லாம் அவர் முடிவு, நீங்கள் தலையிடக் கூடாது. ஊர் மொய்யும் அங்கேயே அவர் நோட்டில் ஏறும். டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள், 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் ரிசர்வேஷன் திறக்கிறது, தாதரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற நேரடி வண்டி தினமும் கிடையாது, கிடைக்காவிட்டால் நாகர்கோவில் வண்டியைப் பாருங்கள். திறக்கிற அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டிலும் இதே எண்ணிக்கை, இதே ஒரு நாள் என்பதை அவரே அவருடைய பெற்றோரிடம் சொல்ல வேண்டும், உங்கள் வழியாகப் போகக் கூடாது. அவர்கள் பக்கம் 150 ஆகும் என்றால் உங்கள் பக்கம் 100 என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 250-ஐத் தாண்ட வேண்டாம்.

முதல் வேலையாக ஆவணி முகூர்த்தத் தேதி இரண்டு மூன்று குறித்து வாங்குங்கள், தேதி கையில் இருந்தால்தான் ஹாலில் பேச முடியும். மூன்று ஹாலிலாவது நேரில் போய் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி எனக்கு அனுப்புங்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.